தள்ளாட்ட நோயும் நாற்பது பக்க நோட்டும்



குடும்ப நலம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு இவைதாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு வந்த வியாதி மற்றவருடைய தூக்கத்தையும், பிள்ளைகளின் படிப்பையும், அடுத்த குழந்தையைப் பற்றிய யோசனையையும் தொடுகிறது என்றால் அதுவும் குடும்ப நலம்தான். அப்படிப்பட்ட அபூர்வமான வியாதி ஒன்றைப் பற்றியும், அது எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று வீட்டிலேயே குறித்து வைப்பது எப்படி என்பதைப் பற்றியும் இந்தப் பிரசுரத்தில் சொல்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கவும். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டவும்.

“குடிச்சிருக்கியா?”

சூளகிரிப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தின் பெயர் வேண்டாம். கணவர் ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறவர். மனைவி தக்காளித் தோட்டத்தில் பாடுபடுகிறவர். ஒரு பெண் குழந்தை. கணவருக்கு முப்பத்தாறு வயது நடக்கும்போது, நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகையில் கால் தடுமாற ஆரம்பித்தது. காலை அகட்டி வைத்து நடந்தார். டம்ளரில் காபி சிந்தியது. பேச்சு குழறியது. வேலை செய்யும் இடத்தில், “குடிச்சிருக்கியா?” என்று கேட்டார்கள். அவர் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரல்ல.

வீட்டில் வேறு பேச்சு. “இவ வந்த நேரம்தான் இப்படி ஆயிடுச்சு” என்று மருமகள் மேல் பழி விழுந்தது. கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஒருநாள் அந்தப் பெண்மணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எங்க மாமனாரும் கடைசியில இப்படித்தான் சுவத்தப் புடிச்சிக்கிட்டு நடந்தாராம். அவரையும் ஊரு குடிகாரன்னுதான் சொல்லுச்சாம்.” அந்த ஒரு வாக்கியத்தில் வியாதியின் பாதி விவரம் இருந்தது. மீதி விவரத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர்களே எழுதினார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வியாதி என்ன என்று பார்ப்போம்.

வியாதி என்ன?

தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, சிறுமூளை என்று ஒரு பகுதி இருக்கிறது. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி செய்கிற வேலையை உடம்பில் அது செய்கிறது. கல் தூக்குகிற பலம் ஆட்களிடம் இருக்கும். ஆனால் மேஸ்திரி நூல் பிடித்துப் பார்க்காவிட்டால் சுவர் கோணலாகப் போகும். அதுபோலக் கை கால்களில் பலம் இருந்தாலும், கால் எவ்வளவு தூரம் போக வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும், ஒரு சொல்லுக்குப் பின் அடுத்த சொல் எப்போது வர வேண்டும் என்ற அளவைச் சொல்வது சிறுமூளை.

சில குடும்பங்களில் சிறுமூளையின் செல்களும், அதோடு சேர்ந்த நரம்புகளும் நடுவயதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் ஸ்பைனோ செரிபெல்லர் அட்டாக்ஸியா, சுருக்கமாக எஸ்.சி.ஏ. நாம் தள்ளாட்ட நோய் என்று சொல்லலாம். இதில் 40க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முதலாவது வகையான எஸ்.சி.ஏ.1 நம் தமிழ்நாட்டில் சில குடும்பங்களில் அதிகமாகக் காணப்படுகிறது. ஒரு தமிழ்ச் சமூகத்தில் இது மிகுந்திருப்பதைக் காட்டிய ஆய்வு 2005இல் வெளியானது. எந்தச் சமூகம், எந்த ஊர் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். அது வேறு வதந்திகளுக்கு இடம் கொடுக்கும்.

எஸ்.சி.ஏ.1 பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில் தொடங்கும். முதலில் நடை, பிறகு பேச்சும் கையும், பிறகு விழுங்குதல் என்று மெல்ல மெல்லப் பாதிக்கும். தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். செய்வினையும் அல்ல. மனைவி வந்த நேரமும் அல்ல.

எப்படி வருகிறது?

அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகள் வருகின்றன. இந்நோய்க்குக் காரணமான மரபணுவை 1993இல் அமெரிக்காவில் ஹாரி ஆர், ஹூடா சோக்பி என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் ஒரே மாதிரி மணி கோத்த சரம் போல ஓரிடம் இருக்கிறது. எல்லோருக்கும் அந்தச் சரம் உண்டு. சாதாரணமாக அது குட்டையாக இருக்கும். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் நடுவில் வேறு மணி கலந்திருக்கும். நடுவில் எதுவும் கலக்காமல் 39 மணியோ அதற்கு மேலோ நீண்டுவிட்டால் நோய் வருகிறது. சரம் நீள நீள நோய் சின்ன வயதிலேயே தொடங்கும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது சரம் மேலும் நீளக்கூடும்.

தாய் தந்தை இருவரில் ஒருவருக்கு இந்த நீண்ட சரம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போவதற்கும் போகாமலிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போடுவது போலத்தான். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவது குழந்தை தப்பித்துவிடும் என்ற கணக்கும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு அந்தச் சரம் போகவில்லையோ, அந்தப் பிள்ளையின் வாரிசுகளுக்கு இந்த வழியாக நோய் வராது.

“சொந்தத்துல கட்டினதால வந்ததா?” என்று நம் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். எஸ்.சி.ஏ.1 அப்படி வருவதல்ல. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆனால் நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் அதிகரிக்கிற வேறு வகைத் தள்ளாட்ட நோய்களும் இருக்கின்றன. எந்த வகை என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

நீங்களே முடிவு கட்டாதீர்கள்

நடை தடுமாறும் எல்லோருக்கும் இந்த வியாதி என்று எண்ணிவிடக் கூடாது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, நெடுநாள் குடிப்பழக்கம், வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் அளவு மீறுவது, உடம்பில் தாமிரம் சேர்ந்துவிடும் வில்சன் வியாதி முதலியவற்றாலும் தடுமாற்றம் வரும். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆகையால் முதலில் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

ஏன் குறித்து வைக்க வேண்டும்?

எஸ்.சி.ஏ.1 நோயைக் குணமாக்கவோ நிறுத்தவோ இன்று வரை மருந்து இல்லை. “மருந்தே இல்லாத வியாதிக்கு நோட்டு எதுக்குங்க?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இந்த வியாதி மெதுவாக நகர்வது. தினம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. வாசல் மரம் வளர்வதை யாராவது பார்த்திருக்கிறோமா? சுவரில் கோடு போட்டு வைத்தால்தான் ஓர் ஆண்டில் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியும். வியாதியும் அப்படியே. ஆனால் உடம்பு விழுந்து எலும்பு முறிகிற நாள், மெஷினில் கை போகிற நாள், சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளிக் காய்ச்சல் வருகிற நாள், இவை ஒரே நாளில் வந்துவிடும். அந்த நாள் வருவதற்கு முன்பே அறிகுறிகள் சேர்ந்துகொண்டே வரும். அவற்றைக் கண்டுகொண்டு முன்னேற்பாடு செய்யத்தான் இந்த நோட்டு.

ஆஸ்பத்திரியிலும் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2006இல் ஐரோப்பிய டாக்டர்கள் வகுத்த இதற்கு ‘சாரா’ என்று பெயர். நடை, நிற்றல், உட்காருதல், பேச்சு, கைக்கு மூன்று சோதனை, காலுக்கு ஒன்று என எட்டு சோதனைகள். மொத்தம் 40 மதிப்பெண். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு இது நேர் எதிர்: பூஜ்யம் என்றால் குறையில்லை, 40 என்றால் மிகவும் முற்றிய நிலை. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, எஸ்.சி.ஏ.1 உள்ளவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2 மதிப்பெண் ஏறுகிறது. இரண்டாம் வகையில் சுமார் 1½. ஆறாம் வகையில் ஒன்றுக்கும் குறைவு. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. நாற்பதில் இரண்டு நகர ஓர் ஆண்டு ஆகிறது என்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் வியாதியின் வளர்ச்சி அல்ல. தூக்கமில்லாத மூன்றாம் ஷிப்ட், காய்ச்சல், மனக்கவலை எல்லாம் ஒருநாள் நடையைக் கெடுக்கும். அடுத்த வாரம் சரியாகிவிடும். ஆகவே தினம் தினம் அளந்து பயப்பட வேண்டாம்.

எப்படிக் குறிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். வினாடி பார்க்கச் செல்போன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரிச் செருப்போடு (அல்லது எப்போதும் வெறுங்காலோடு) செய்யவும். காய்ச்சல் உள்ள நாளிலும், நைட் ஷிப்ட் முடிந்த காலையிலும் வேண்டாம். கைத்தடி பிடித்து நடந்தால் அதையும் எழுதவும். பக்கத்தில் ஒருவர் எப்போதும் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

1. நடை. வாசலில் அல்லது களத்தில் 8 மீட்டர் (சுமார் 26 அடி) அளந்து இரண்டு பக்கமும் கோடு போடவும். எப்போதும் போல நடந்து கடக்க எத்தனை வினாடி? இரண்டு தடவை நடந்து இரண்டையும் எழுதவும்.

2. நிற்றல். சுவர் ஓரமாகப் பாதங்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, எதையும் பிடிக்காமல் எத்தனை வினாடி நிற்க முடிகிறது? பத்து வினாடி வந்தால் போதும், நிறுத்திவிடவும்.

3. கை. ஒன்பது புளியங்கொட்டையைத் தட்டில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வாய் குறுகிய பாட்டிலில் போட எத்தனை வினாடி? வலக்கை, இடக்கை இரண்டையும் பார்க்கவும். ஆஸ்பத்திரியில் ஒன்பது துளைப் பலகையில் ஒன்பது குச்சிகளைச் செருகச் சொல்வார்கள். அதன் வீட்டு வடிவம் இது.

4. பேச்சு. நிலத்துக்குப் பட்டா என்கிறோமே, அந்தப் ‘பட்டா’ என்ற சொல்லைப் பத்து வினாடி வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி எண்ணவும். டாக்டர்களும் ஏறக்குறைய இதே ஒலியைத்தான் சொல்லச் சொல்வார்கள்.

5. விழுங்குதல். ஒரு வாரம் கவனிக்கவும்: தண்ணீரோ சோறோ உள்ளே போகும்போது எத்தனை தடவை புரையேறியது, இருமியது? அதோடு எடை எவ்வளவு? ரேஷன் கடை, சுகாதார நிலையம் எங்கு எடை பார்த்தாலும், எப்போதும் அதே இடத்தில் பார்க்கவும்.

6. கையெழுத்து. தேதிக்குக் கீழே நோயாளியே கையெழுத்திட வேண்டும். இதற்குத் தனியாகக் கணக்கு வேண்டாம். பக்கத்தைப் புரட்டினால் அதுவே சொல்லும்.

கீழே விழுவதற்கு மட்டும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. விழுந்த அன்றே எழுதவும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், கையில் என்ன இருந்தது, வெளிச்சம் இருந்ததா? விழப்போய்ச் சமாளித்ததையும் எழுதுவது நல்லது.

மாதிரிப் பக்கம் ஒன்று (எண்கள் உதாரணத்துக்காக மட்டும்):

ஜனவரி 10, காலை 9 மணி, வெறுங்கால், தடி இல்லை.
நடை: 9 வினாடி, 10 வினாடி.
நிற்றல்: 10 வினாடி.
புளியங்கொட்டை: வலது 24, இடது 29.
பட்டா: 19 தடவை.
புரையேறியது: வாரத்தில் 2, இரண்டும் தண்ணீர் குடிக்கும்போது.
எடை: 58 கிலோ.
விழுந்தது: 1. டிசம்பர் 20, மாலை 6.30, கொல்லைப்படி, கையில் வாளி.
கையெழுத்து:

குறித்ததை என்ன செய்வது?

மேலே சொன்ன சூளகிரிக் குடும்பத்தில் ஓராண்டு நோட்டை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். நான்கு தடவை விழுந்திருந்தார். அதில் மூன்று ஒரே கொல்லைப்படியில், இருட்டுகிற நேரத்தில். வியாதியை நம்மால் நிறுத்த முடியாது; படியை மாற்ற முடியும். ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாக நட்டார்கள். ஒரு பல்பு போட்டார்கள். அந்தப் படியில் பிறகு விழவில்லை.

புளியங்கொட்டைக் கணக்கு ஓராண்டில் தெளிவாக ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி, ஓடும் மெஷினில் வேலை செய்வது ஆபத்து என்று கடிதம் வாங்கிக் கொடுத்தார்கள். கையில் அடிபடுவதற்கு முன்பே அவர் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறினார். மோட்டார் சைக்கிளையும் விட்டார். அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. நிறுத்தச் சொன்னது மனைவி அல்ல, நோட்டு.

அவரவர் நோட்டில் கவனிக்க வேண்டியவை:

நடைக்கு எடுக்கும் வினாடி அடுத்தடுத்து மூன்று தடவையும் ஏறியிருந்தால், இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டிப் பயிற்சியையும் கைத்தடியையும் பற்றிக் கேட்கவும். தேய்ந்த சிறுமூளைக்கும் பயிற்சி பயன் தரும். கியூபா நாட்டில் எஸ்.சி.ஏ. இரண்டாம் வகை நிறையக் குடும்பங்களில் உண்டு. அங்கே 24 வாரம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களுக்கு ‘சாரா’ மதிப்பெண் குறைந்தது என்று 2018இல் வெளியிட்டார்கள். விட்டுவிட்டால் பலன் போய்விடும். பல் தேய்ப்பது போலத் தினமும் செய்ய வேண்டும்.

புரையேறுவது அதிகமானாலோ, எடை குறைந்தாலோ அலட்சியம் கூடாது. இந்த வியாதியில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் விழுங்குவதிலும் மூச்சிலும்தான் வருகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாக விழுங்க வேண்டும். சாப்பிடும்போது டி.வி.யும் பேச்சும் வேண்டாம். நம் பக்கத்தில் ராகிக் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்குவது வழக்கம். இவருக்கு அது ஆகாது, தொண்டையில் அடைக்கும். தண்ணீர் போல நீர்த்ததும் சிலருக்குப் புரையேறும். எந்தப் பதத்தில் கூழோ கஞ்சியோ கொடுக்கலாம் என்பதைப் பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளரிடம் கேட்டு அந்தப் பதத்தையே நோட்டில் எழுதி வைக்கவும்.

உடனே ஓட வேண்டியது எப்போது? இந்த வியாதி ஒரே நாளில் மோசமாகாது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென்று நடை போய்விட்டால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், வாய் கோணினால், குழப்பமாகப் பேசினால், அது பக்கவாதமோ தொற்றோ மருந்தின் கோளாறோ ஆகலாம். “பழைய வியாதிதானே” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யவும். நோட்டு இருந்தால், “போன வாரம் வரை இப்படி இல்லை” என்று டாக்டரிடம் ஆதாரத்தோடு சொல்லலாம்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். பிறகு ஓசூர் அரசு மருத்துவமனை அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூளை நரம்பு நோய்களுக்கான தேசிய நிலையமான நிமான்ஸ் நமக்கு மிக அருகில் இருப்பது ஒரு பாக்கியம். 1974இல் உருவான அந்த நிலையம், பெங்களூரில் நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஓசூர் ரோட்டில், டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிறது. அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாகப் போகும் பாதைதான். வேலைக்குத் தினம் போய்வருகிறவர்கள் பலருக்கு அந்த வழி பழக்கம்.

நம் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஆஸ்பத்திரியில் பேச்சு புரியாதோ என்று தயங்க வேண்டாம். “போன தைக்கு நல்லாத்தான் இருந்தாருங்க” என்றால் எந்த மொழியிலும் டாக்டருக்கு அதிகம் விளங்காது. 9 வினாடி 13 ஆனது என்றால் எல்லா மொழியிலும் விளங்கும். எண்ணுக்கு மாநில எல்லை கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை அதே வாசலில் நடப்பதைச் செல்போனில் படமெடுத்து வைத்துக் காட்டுவதும் உதவும்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீடு தேடி வரும் சேவையும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் அதில் அடங்கும். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யவும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நெடுநாள் நரம்பு நோய்களையும் கணக்கில் கொள்கிறது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கவும். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கேயும் விசாரிக்கவும். எல்லா இடத்துக்கும் நோட்டையும் எடுத்துப் போகவும்.

“ஊசி போட்டு அடியோட குணமாக்கிடறோம்” என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். நிலத்தை விற்க வேண்டாம். அந்தப் பணம் கைப்பிடிக்கும் கஞ்சிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வேண்டும்.

அடுத்த குழந்தை?

இதுதான் அந்தப் பெண்மணி என்னிடம் கடைசியாகக் கேட்டது. கேட்பதற்கு அவருக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

பெற்றுக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ இந்தப் பிரசுரம் சொல்லாது. அது உங்கள் இருவரின் முடிவு. மாமியாரோ ஊராரோ எடுக்கிற முடிவும் அல்ல. நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நோய் எந்த வகை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகு, மரபணு ஆலோசனை தரும் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போகவும். அதுவரை பொறுத்திருக்க விரும்பினால் தற்காலிகக் கருத்தடை முறைகள் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சரிபாதி வாய்ப்பை ஏற்றுப் பெற்றுக்கொள்வது, கருவில் பரிசோதிப்பது, தத்தெடுப்பது, இருக்கும் குழந்தையோடு நிறுத்திக்கொள்வது எனப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சிரமத்தையும் செலவையும் சட்டத்தையும் அவர் விளக்குவார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்பதை மறவாதீர்கள்.

நோயின் அறிகுறி இல்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? அது அவரவர் விருப்பம். கட்டாயப்படுத்தக் கூடாது. சிலர் தெரிந்துகொண்டு நிம்மதி அடைகிறார்கள். சிலர் தெரியாமலிருப்பதையே விரும்புகிறார்கள். 18 வயது ஆகாத, அறிகுறியில்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை செய்வதில்லை. அதேபோல உங்கள் பிள்ளையை அந்த 8 மீட்டர் கோட்டில் நடக்கவிட்டு, கல் தடுக்கி விழுந்ததற்கெல்லாம் நெஞ்சு பதறாதீர்கள். நோட்டு நோயாளிக்கு மட்டுமே.

நோட்டால் சண்டை வந்தால்

வரும். அந்த வீட்டிலும் வந்தது. “நீ எனக்கு மார்க் போடறியா?” என்று அவர் நோட்டை வீசி எறிந்தார். அந்த அம்மா ஒரு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு கணவர் கையிலேயே நோட்டைக் கொடுத்து, “நீங்களே எழுதுங்க. நான் செல்போன்ல நேரம் மட்டும் பார்த்துச் சொல்றேன்” என்றார். அன்றிலிருந்து அது அவருடைய நோட்டாயிற்று. வியாதி யாருடையதோ நோட்டும் அவருடையது. யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது என்பதும் அவர் சொல்வதுதான். பேச்சு குழறினாலும் புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அவரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

கவனித்துக்கொள்பவருக்கும் உடம்பு உண்டு. கடைசிப் பக்கத்தில் அவருக்கு ஒரு வரி ஒதுக்கவும்: இந்த மூன்று மாதத்தில் நன்றாகத் தூங்கினாரா, இடுப்பு வலியா, ஒருநாளாவது அம்மா வீட்டுக்குப் போய்வந்தாரா? மனச்சோர்வு இருவரில் யாருக்கு வந்தாலும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தக் குடும்பத்தின் முதல் நோட்டு முடிந்து இப்போது இரண்டாவது நடக்கிறது. நடை வினாடி ஏறித்தான் இருக்கிறது, கையெழுத்தும் கோணலாகிவிட்டது. ஆனால் கடைசி ஆறு மாதத்தில் விழுந்தது என்ற இடத்தில் பூஜ்யம். புரையேறியதிலும் குறைவு. நோட்டைக் காட்டும்போது அவர் அந்தப் பூஜ்யத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார்.

நினைவில் வைக்கவும்

தள்ளாட்டம் எல்லாம் குடி அல்ல, டாக்டரிடம் காட்டவும்.
மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளக்கவும். விழுந்தால் அன்றே எழுதவும்.
புரையேறுவதையும் எடையையும் கவனிக்கவும்.
திடீரென்று மோசமானால் 108.
அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் சேர்ந்து ஆலோசனை பெறவும்.
யார் மேலும் பழி போடாதீர்கள்.